அயர்ன் ஃபிஸ்ட் 1974: பழைய குங்ஃபூ சூப்பர் ஹீரோவைத் திரும்பப் படிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மார்வெல் வெளியிட்ட அயர்ன் ஃபிஸ்ட் காமிக்ஸை இப்போது எடுத்துப் படிக்கலாமா, படித்தால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்காக இது. 1974 மே மாதத்திலிருந்து 1977 செப்டம்பர் வரை வந்த 26 இதழ்களைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசப் போகிறேன். முதல் 11 இதழ்கள் 'மார்வெல் பிரீமியர்' என்ற தலைப்பில் வந்தவை (எண் 15 முதல் 25 வரை), அடுத்த 15 இதழ்கள் அவர் பெயரிலேயே. கதை முழுக்கச் சொல்லித்தான் பேசியாக வேண்டும், ஐம்பது வருஷமாகிவிட்டது, ஸ்பாய்லர் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

யார் இந்த அயர்ன் ஃபிஸ்ட்? ஒரு பத்தியில் சொல்ல முடியுமா?

டேனி ராண்ட், நியூயார்க் பணக்காரர் வெண்டல் ராண்டின் மகன். ஒன்பது வயதில் அப்பா, அம்மா ஹெதர், அப்பாவின் தொழில் பங்காளி ஹெரால்ட் மீச்சம் ஆகியோரோடு இமயமலைக்குப் போகிறான். பத்து வருஷத்துக்கு ஒருமுறை மட்டுமே நம் உலகத்தில் தோன்றும் குன்-லுன் என்ற நகரத்தைத் தேடித்தான் அந்தப் பயணம். வழியில் மீச்சம் வெண்டலைப் பள்ளத்தில் விழவைத்துக் கொன்றுவிடுகிறான். மகனும் அம்மாவும் பனியில் தப்பி ஓட, ஓநாய்க் கூட்டம் துரத்துகிறது. பையன் பாலத்தைக் கடக்கட்டும் என்று ஹெதர் ஓநாய்களை நோக்கித் திரும்பிவிடுகிறாள். குன்-லுன் வில்லாளிகள் அம்பு விட்டும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. பையன் அந்த நகரத்திலேயே வளர்ந்து, லெய் குங் என்ற ஆசானிடம் சண்டை கற்று, ஒரு டிராகனைக் கொன்று, கையை இரும்பாக்கும் சக்தி பெற்று, 19 வயதில் பழிவாங்க நியூயார்க் திரும்புகிறான்.

நம்ம இரும்புக்கை மாயாவிக்கும் இவருக்கும் ஏதாவது சொந்தமா?

கிடையாது. முத்து காமிக்ஸில் நாம் படித்த மாயாவி பிரிட்டிஷ்காரர். 1962இல் வேலியன்ட் வார இதழில் கென் புல்மர் எழுத, ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்து தொடங்கிய கதை. அவருக்கு நிஜமாகவே உலோகக் கை, மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர உடம்பு மறைந்துபோகும். டேனிக்கு இருப்பது சதைக் கைதான். மனதை ஒருமுகப்படுத்தினால் முஷ்டி ஒளிர்ந்து இரும்பாகிறது, அவ்வளவே. ஆனால் மாயாவியைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையும் பிடிக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. இரண்டுமே இருட்டான கதைகள், இரண்டிலும் நாயகன் யோக்கியனா என்ற சந்தேகம் ஆரம்பத்தில் இருக்கும்.

1974இல் ஏன் திடீரென்று குங்ஃபூ?

காசு. வேறென்ன! 1972 முதல் அமெரிக்க டிவியில் டேவிட் காரடைன் நடித்த 'குங்ஃபூ' தொடர் ஓடிக்கொண்டிருந்தது. 1973இல் ஹாங்காங் படங்கள் அமெரிக்கத் தியேட்டர்களில் வரிசையாக இறங்கின. அந்த வருஷம் ஜூலை 20 அன்று புரூஸ் லீ இறந்துபோக, அடுத்த மாதமே 'எண்டர் தி டிராகன்' அங்கே வெளியாகி ஊரையே கலக்கியது. எந்த அலை வந்தாலும் அதில் ஏறிக்கொள்வது மார்வெலின் வழக்கம். 1973 கடைசியில் ஷாங்-சி என்ற குங்ஃபூ நாயகன் வந்தார், 1974இல் 'டெட்லி ஹேண்ட்ஸ் ஆஃப் குங்ஃபூ' என்ற கறுப்பு வெள்ளைப் பத்திரிகை வந்தது, கூடவே அயர்ன் ஃபிஸ்டும். போட்டிக் கம்பெனியான டிசி 1975இல் ரிச்சர்ட் டிராகனைக் கொண்டுவந்து 18 இதழ்களில் மூட்டை கட்டியது.

ஆனால் அலையை மட்டும் வைத்து இந்தக் கதையை விளக்கிவிட முடியாது. எழுத்தாளர் ராய் தாமஸுக்கு இன்னொரு விதையும் இருந்தது. 1939இல் சென்டார் கம்பெனிக்காக பில் எவரெட் உருவாக்கிய அமேசிங்-மேன் என்ற பாத்திரம். திபெத்தில் துறவிகள் மாதிரியான ஒரு எழுவர் சபையிடம் வளரும் அனாதைப் பையன், கடுமையான சோதனைகளில் தேறி வெளியுலகத்துக்கு வருகிறான். அந்தக் கதையின் எலும்புக்கூடு அப்படியே டேனியின் கதையில் இருக்கிறது. தாமஸுக்கு நெருங்கிய நண்பரான எவரெட் 1973இல் இறந்தார். அதனால் முதல் இதழைப் படிக்கும்போது சந்தைக்குச் செய்த சரக்கு ஒரு பக்கம், நண்பருக்குச் செலுத்திய மரியாதை ஒரு பக்கம் என்று இரண்டும் கலந்தே தெரிகிறது.

முதல் இதழ் இன்றைக்கும் நிற்கிறதா?

நிற்கிறது, நான் எதிர்பார்த்ததை விட நன்றாகவே. கில் கேன் வரைய, டிக் ஜியோர்டானோ மை போட்ட இதழ் இது. கதை குன்-லுனில், ஒரு மைதானத்தில் தொடங்குகிறது. டேனியை நான்கு பேர் ஒரே நேரத்தில் தாக்குகிறார்கள். மேலே மாடத்தில் யூ-டி என்ற அரசர் முகத்தைத் திரையில் மறைத்துக்கொண்டு பார்க்கிறார். சண்டைக்கு நடுவே, ஒவ்வொரு அடி விழும்போதும், பனிமலை ஞாபகம் வந்து வந்து போகிறது. இங்கே ஒரு உதை, அங்கே அப்பா விழுகிறார், மறுபடி இங்கே ஒரு குத்து. பெற்றோர் சாவை ஆரம்பத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு அப்புறம் சண்டையைக் காட்டியிருந்தால் சாதாரணக் கதையாகப் போயிருக்கும். இப்படிப் பின்னியதால், இந்தப் பையன் எதிரே இருக்கும் நான்கு பேரோடு சண்டை போடவே இல்லை, பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு ஆளோடுதான் சண்டை போடுகிறான் என்று யாரும் சொல்லாமலே புரிகிறது.

நால்வர் முடிந்ததும் ஷு-ஹு என்றொருவன் வருகிறான். அடித்தால் வலிக்காத, வாய் திறக்காத ஆள். கடைசியில் பார்த்தால் அவன் மனிதனே இல்லை, இயந்திரம். கொஞ்சம் சிரிப்பு வரும்தான், மந்திர நகரத்தில் ரோபோ எங்கிருந்து வந்தது என்று. எழுபதுகளின் மார்வெலில் இதற்கெல்லாம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஜெயித்தவனுக்கு யூ-டி சாகாவரம் தருகிறேன் என்கிறார், பழி வேண்டுமானால் ஊரைவிட்டுப் போகலாம் என்கிறார். டேனி பழியைத் தேர்ந்தெடுக்கிறான்.

கேனின் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. முகங்களைக் கீழிருந்து மேலாக, மூக்குத் துவாரம் தெரியும்படி வரைவது அவருடைய பழக்கம், ரசிகர்கள் அதைக் கிண்டல் செய்வதும் உண்டு. இந்தக் கதையில் அந்தக் கோணம் கைகொடுக்கிறது, ஏனென்றால் ஒன்பது வயதுப் பையன் உலகத்தைப் பார்ப்பது கீழிருந்துதான்.

கதையை "நீ" என்று சொல்லிக்கொண்டே போகிறார்களே, எரிச்சலாக இல்லையா?

முதல் பத்து பக்கம் எரிச்சலாகத்தான் இருக்கும். நீ குதிக்கிறாய், நீ விழுகிறாய், உன் கை எரிகிறது என்று மஞ்சள் பெட்டிகளில் ஒரு குரல் டேனியிடம் ஓயாமல் பேசுகிறது. படம் காட்டுவதையே எழுத்தும் சொல்கிற இடங்கள் ஏராளம். ஆனால் கொஞ்சம் பொறுத்துப் படித்தால் வேறொன்று நடக்கும். இந்தப் பையனுக்கு ஊரில் யாரும் இல்லை, மனசுவிட்டுப் பேச ஒரு ஜீவன் கிடையாது, அவனோடு பேசும் ஒரே துணை அந்தக் குரல்தான் என்று தோன்ற ஆரம்பிக்கும். எழுத்தாளர்கள் மாறியபோதும் இந்த நடையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்பது ஆச்சரியம். பின்னால் டேனிக்கு நண்பர்கள் சேரச் சேர, "நீ" குறைந்து சாதாரண நடை வருகிறது. திட்டமிட்டுச் செய்தார்களோ என்னவோ, படிக்கும்போது அது சரியாகப் பொருந்துகிறது.

டிராகன் கதை எந்த இதழில்?

அடுத்ததில், எண் 16. லென் வெய்ன் எழுதியது, லாரி ஹாமா வரைந்தது. ஷௌ-லாவ் என்ற டிராகனின் நெஞ்சில் ஒரு தழும்பு இருக்கும். அதன் இதயமோ உடம்புக்கு வெளியே, குகையில் ஒரு கொப்பரையில் உருகிக்கொண்டிருக்கும், அந்தத் தழும்பு வழியாகத்தான் இதயத்தின் சக்தி உடம்புக்குப் போகிறது. டேனி தன் வெறும் மார்பை அந்தத் தழும்பின் மேல் வைத்து அழுத்திக் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். டிராகன் சாகிறது, அவன் மார்பில் சிறகு விரித்த டிராகன் உருவம் சூடு போட்டதுபோல் பதிகிறது. அப்புறம் இரண்டு முஷ்டிகளையும் அந்தக் கொதிக்கும் இதயத்துக்குள் விடுகிறான். சூப்பர் ஹீரோக்களின் மார்புச் சின்னங்களில் காரணத்தோடு இருப்பவை சிலதான், இது அதில் ஒன்று. உடை அந்த இடத்தில் திறந்திருப்பதும் அதற்காகத்தான்.

தாமஸ் சீனப் புராணத்தை எப்படிக் கையாண்டார் என்பதும் இங்கே தெரியும். லெய் குங் சீனர்களின் இடி தெய்வம். யூ-டி, சொர்க்கத்தை ஆளும் ஜேட் பேரரசர். குன்-லுன், மேற்கு அரசித் தாய் வாழ்வதாக நம்பப்படும் புனித மலை, நிஜமான குன்லுன் மலைத்தொடர் திபெத்தியப் பீடபூமிக்கு வடக்கு ஓரத்தில் இருக்கிறது. ஷௌ-லாவ் யார் தெரியுமா? நீண்ட ஆயுள் தரும் தெய்வம், பெரிய நெற்றியும் கையில் பீச் பழமுமாகச் சிரிக்கும் தாத்தா. அவரைத்தான் இங்கே டிராகனாக்கிக் கொன்றிருக்கிறார்கள். நம்மூர் பிள்ளையார் பேரை ஒரு ராட்சசனுக்கு வைத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பழிவாங்கும் கதை எப்படி முடிகிறது?

இதுதான் இந்தக் காமிக்ஸைத் திரும்பப் படிக்க முதல் காரணம் என்பேன். எண் 17, 18 இரண்டும் டக் மென்ச் எழுத, ஹாமா வரைந்தவை. மீச்சம் தன் பெயரிலுள்ள கட்டடத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறான். ஒருநாள் அந்தப் பையன் வருவான் என்று தெரிந்து மாடிக்கு மாடி பொறி வைத்திருக்கிறான். டேனி ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு மேலே போகிறான், ஒரு இதழ் முழுக்கக் கிட்டத்தட்ட வேறு எதுவுமே நடப்பதில்லை. மேலே போய்ப் பார்த்தால் அங்கே இருப்பது இரண்டு கால்களும் இல்லாத ஒரு மனிதன். வெண்டலைக் கொன்ற அதே பனியில் மாட்டிக்கொண்டு, கால்கள் விறைத்துப் போய், வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு பல வருஷம் பயத்திலேயே கழித்திருக்கிறான்.

டேனியால் அடிக்க முடியவில்லை. சாகாவரத்தை வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவன், டிராகனைக் கொன்றவன், எதிரியின் முன்னால் கையைத் தொங்கப்போட்டு நிற்கிறான். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாத அந்த நிலையை ஹாமா பெரிய வசனம் எதுவும் தேவைப்படாமல் தோள்களிலேயே காட்டிவிடுகிறார். அவன் திரும்பும் நேரத்தில் ஒரு நிஞ்சா மீச்சமைக் கொன்றுவிடுகிறான். மீச்சமின் மகள் ஜாய், டேனிதான் கொன்றான் என்று நம்புகிறாள். இனி அப்பாவைக் கொன்றவனைத் தேடி அலைவது அவள் முறை.

நான்கே இதழ்களில் நாயகனின் ஒரே நோக்கம் முடிந்துபோகிறது. கம்பெனி நோக்கில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம், இதை ஐம்பது இதழ் இழுத்திருக்கலாம். கதை நோக்கில் எனக்கு அது துணிச்சலாகப் படுகிறது. பழிவாங்குவதற்காகவே பத்து வருஷம் தன்னைச் செதுக்கிக்கொண்டவன் அது முடிந்ததும் என்ன செய்வான்? நியூயார்க் தெருவில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு உடையைப் போட்டுக்கொண்டு, வேலை இல்லாமல், வீடு இல்லாமல் நிற்பான். மிச்ச 22 இதழ்களும் இதற்கு விடை தேடுவதுதான்.

நடுவில் சில இதழ்கள் சகிக்கவில்லையே?

ஆமாம். 19இலிருந்து 24 வரை தடுமாற்றம்தான். தாமஸ், வெய்ன், மென்ச், டோனி இசபெல்லா, க்ரிஸ் க்ளேர்மான்ட் என்று 11 இதழ்களுக்கு ஐந்து எழுத்தாளர்கள். வரைந்தவர்களும் கேன், ஹாமா, ஆர்வெல் ஜோன்ஸ், பேட் பிராடரிக், ஜான் பைர்ன் என்று ஐந்து பேர். ஒருவர் தொடங்கிவைத்த முடிச்சை அடுத்தவர் அவிழ்ப்பதற்குள் கைமாறிவிடுகிறது. மரண தேவதையைக் கும்பிடும் ஒரு கூட்டம், ஒரு மர்மப் புத்தகம், அதற்கு நடுவில் எங்கிருந்தோ பாட்ராக் என்ற வில்லன். வேகமாகப் புரட்டுங்கள், பாவமில்லை.

க்ளேர்மான்ட்டும் பைர்னும் வந்ததும் என்ன மாறுகிறது?

எண் 25இல், 1975 அக்டோபரில், இருவரும் சேர்கிறார்கள். அடுத்த மாதமே அயர்ன் ஃபிஸ்ட் பெயரில் தனி இதழ் தொடங்குகிறது. மார்வெலின் சூப்பர் ஹீரோ கூட்டமான எக்ஸ்-மென் கதைகளின் வாசகர்களுக்கு இந்த ஜோடியைத் தெரியும், அங்கே ஜோடி சேர்வதற்கு முன் இருவரும் கைபழகிய இடம் இதுதான். கதை சட்டென்று ஊருக்குள் வந்துவிடுகிறது. லண்டன் விமான நிலையம், நியூயார்க் அடுக்குமாடி வீடு, பார்ட்டி, வக்கீல் ஜெரின் ஹோகார்த் கொண்டுவரும் சொத்துக் காகிதங்கள். டேனி இப்போதுதான் சிரிக்கிறான்.

பைர்னின் சண்டைகளை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். ஒரே கட்டத்துக்குள் டேனியின் உருவத்தை நான்கைந்து தடவை வரைவார். கை ஊன்றுகிறான், உடம்பு சுழல்கிறது, கால் விரிகிறது, குதிகால் படுகிறது. பின்னணி ஒன்றே, ஆள் மட்டும் நகர்கிறான். ஒரு உதை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று விரலால் கோடு போட்டுக் காட்டலாம். சத்தத்தை எழுத்தில் எழுதி நிரப்பி, நடுவில் என்ன நடந்தது என்று புரியாமல் விட்டுவிடும் சண்டைகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சண்டைகள் உண்மையான குங்ஃபூவா?

பாதி. பயிற்சிக் காட்சிகளில், டேனி வாளி மணலில், பிறகு சரளையில், பிறகு கல்லில் கையைக் குத்திக் குத்தி உறுதியாக்குகிறான். சீனாவில் இரும்பு மணல் உள்ளங்கை என்ற பயிற்சி நிஜமாகவே உண்டு, மருந்து தடவிக்கொண்டு வருஷக்கணக்கில் செய்வார்கள். சண்டைக்குள் போனதும் கராத்தே, ஜூடோ, குங்ஃபூ எல்லாம் ஒரே குழம்பாகிவிடுகிறது, அடிகளுக்குச் சீனம் மாதிரியும் ஜப்பானியம் மாதிரியும் பெயர்கள் பறக்கும். அதையெல்லாம் சீரியஸாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆரம்ப இதழ்களில் இரும்பு முஷ்டி ஒரே ஒரு அடிக்குத்தான். அடித்த பிறகு டேனி பிழிந்த துணி மாதிரி ஆகிவிடுவான், திரும்ப வரவழைக்க நேரம் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு சண்டையிலும் இப்போது செலவழிப்பதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் வந்தவர்கள் காயம் ஆற்றுவது, அது இது என்று சக்திகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அந்தக் கணக்கு போய்விட்டது.

ஆசியக் கலையில் வெள்ளைக்காரப் பையன்தான் எல்லாரையும் விடச் சிறந்தவனா? இதை எப்படிப் படிப்பது?

கண்ணைத் திறந்துகொண்டு. இதற்கு மழுப்பலான பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பொன்னிற முடி வைத்த அமெரிக்கச் சிறுவன் வருகிறான், அங்கேயே பிறந்து அங்கேயே பயின்றவர்களைத் தோற்கடிக்கிறான், ஊரின் மிகப் பெரிய சக்தியை எடுத்துக்கொண்டு நியூயார்க் போய்விடுகிறான். அது 1974இன் பார்வை மட்டும் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் 1939இன் அமேசிங்-மேனும் இதேதான். குன்-லுன் மக்களில் லெய் குங்கையும் யூ-டியையும் விட்டால் பேர் சொல்லும்படியான மனிதர்கள் இந்த இதழ்களில் அபூர்வம்.

அந்தக் கோபம் கதைக்குள்ளேயே ஒரு பாத்திரமாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லெய் குங்கின் சொந்த மகன் தாவோஸ், ஸ்டீல் சர்ப்பன்ட். எனக்கு வரவேண்டியதை வெளியூர்க்காரன் கொண்டுபோனான் என்பதுதான் அவனுடைய வழக்கு. எழுதியவர்கள் அவனை வில்லனாக வைத்தார்கள். இப்போது படிக்கும்போது அவன் பக்கம் நியாயம் இருக்கிறதே என்று தோன்றாமல் இருக்காது.

2017இல் நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தபோது இதே விவாதம் பெரிதாக வெடித்தது. 2022இல் மார்வெல் காமிக்ஸில் அயர்ன் ஃபிஸ்ட் பட்டம் லின் லியே என்ற சீன இளைஞனுக்குப் போனது, எழுதியவர் அலிஸா வோங். தாமதம்தான், ஆனாலும் சரியான திசை.

மிஸ்டி நைட், கொலீன் விங் யார்? டேனியை விட இவர்கள்தான் பிடித்திருக்கிறது.

எனக்கும்தான். கொலீன் எண் 19இல் வருகிறாள், ஜப்பானில் தாத்தாவிடம் வாள் கற்றவள். மிஸ்டி எண் 21இல். நியூயார்க் போலீஸில் இருந்தவள், குண்டு வெடித்து வலது கையை இழந்து, இயந்திரக் கை பொருத்திக்கொண்டவள். இருவரும் சேர்ந்து துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார்கள். கையில் ஒளி வீசும் நாயகன் பக்கத்தில் நிஜமாகவே இரும்புக் கையோடு ஒரு பெண் நிற்பதும், அவள் அதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் இருப்பதும் அழகு. எழுபதுகளில் ஒரு கறுப்பினப் பெண்ணை யாருக்கும் துணைப்பாத்திரமாக இல்லாமல், தொழிலும் கோபமும் நகைச்சுவையும் உள்ளவளாக க்ளேர்மான்ட் எழுதியிருப்பது அந்தக் காலத்துக்கு நல்ல முன்னேற்றம். டேனிக்கும் மிஸ்டிக்கும் காதல் வருகிறது, 1977 டிசம்பரில், மார்வெல் டீம்-அப் என்ற இன்னொரு தொடரின் எண் 64இல் முத்தம்.

இவர்களை மட்டும் வைத்து டெட்லி ஹேண்ட்ஸ் ஆஃப் குங்ஃபூவின் கடைசி இரண்டு இதழ்களில், எண் 32, 33, மார்ஷல் ரோஜர்ஸ் வரைந்த கறுப்பு வெள்ளைக் கதை இருக்கிறது. கிடைத்தால் விடாதீர்கள்.

தனி இதழில் எண் 14க்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை சொல்கிறார்கள்?

சேபர்டூத் முதன்முதலில் வந்த இதழ், 1977 ஆகஸ்ட். பிற்காலத்தில் எக்ஸ்-மென் கூட்டத்து வுல்வரினின் பரம எதிரியாகப் பெரிய ஆளாகிவிட்டான். இங்கே அவன் வெறும் கூலிக்கு வேலை செய்யும் ரவுடி, வுல்வரின் பேச்சே இல்லை, பனியில் டேனியிடம் அடி வாங்கிக்கொண்டு போகிறான். அட்டையில் 30 சென்ட் போட்டிருக்கும். சில ஊர்களில் மட்டும் விலையேற்றத்தைச் சோதித்துப் பார்க்க 35 சென்ட் போட்டு விற்றார்கள், அது அபூர்வம் என்பதால் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள். கதைக்காகப் படிப்பவர் என்றால் இதற்கெல்லாம் பணம் கொட்ட வேண்டாம். அதற்கு அடுத்த எண் 15 இன்னும் ஜாலியானது. எக்ஸ்-மென் வந்திருக்கும் வீட்டில் டேனி ஆள் தெரியாமல் வுல்வரினோடு மோத, வீட்டையே துவம்சம் செய்கிறார்கள். தனி இதழ் அதோடு நின்றுவிட்டது.

நின்ற பிறகு?

மார்வெல் டீம்-அப் 63, 64இல் தாவோஸ் கதையை முடித்தார்கள். அப்புறம் விற்பனையில் இதேபோல் நொண்டிக்கொண்டிருந்த லூக் கேஜ் (பட்டப்பெயர் பவர் மேன்) இதழோடு சேர்த்துக் கட்டினார்கள். 1978 ஏப்ரலில் எண் 50இலிருந்து 'பவர் மேன் அண்ட் அயர்ன் ஃபிஸ்ட்'. ஹார்லெமில் வளர்ந்து செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போன லூக்கும், கோடீஸ்வரனாகப் பிறந்து மலையில் வளர்ந்த டேனியும் கூலிக்குக் காவல் வேலை பார்க்கிறார்கள். பணத்தைப் பற்றி இருவருக்கும் வரும் வாக்குவாதங்கள்தான் அதில் சுவை. மேரி ஜோ டஃபி எழுதிய காலம் சிரித்துக்கொண்டே படிக்கலாம். 1986இல் எண் 125இல் டேனியைச் சாகடித்து முடித்தார்கள், படுக்கையில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அர்த்தமே இல்லாத ஒரு சாவு. வாசகர்கள் கொதித்தார்கள். சில வருஷம் கழித்து ஜான் பைர்னே நேமர் என்ற வேறொரு மார்வெல் நாயகனின் இதழில் செத்தது போலி என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்தார்.

நெட்ஃபிளிக்ஸ் தொடர் பார்த்துவிட்டேன், பிடிக்கவில்லை. காமிக்ஸும் அப்படித்தானா?

இல்லை. தொடரில் டேனி நிறையப் பேசுகிறார், குறைவாக அடிக்கிறார். டிராகனைச் சரியாகக் கண்ணில் காட்டவே இல்லை. காமிக்ஸில் 16ஆம் எண்ணிலேயே அது வந்துவிடும். மீச்சம் குடும்பத்தையும் தொடரில் ரொம்ப மாற்றிவிட்டார்கள், காமிக்ஸில் வார்ட் என்பவர் ஹெரால்டின் சகோதரர்.

ஷாங்-சியா, அயர்ன் ஃபிஸ்டா? ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது.

வரைகலைக்கும் உளவுக் கதைக்கும் ஷாங்-சி. டக் மென்ச்சும் பால் குலேசியும் சேர்ந்து செய்த இதழ்கள் வேறு தரம். அதில் நாயகனே சீனர், ஆனால் அப்பாவாக, பழைய ஆங்கில நாவல்களின் சீன வில்லன் ஃபூ மான்சூவைக் கட்டித் தொங்கவிட்டதால் அங்கேயும் இனச் சிக்கல் உண்டு. அந்தப் பாத்திரத்தின் உரிமை மார்வெலிடம் இல்லாததால் பல வருஷம் மறுபதிப்பே வரவில்லை, 2016இல்தான் பெரிய தொகுதிகளாக வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட இதழ்கள் வேறு. நேரம் குறைவு என்றால் அயர்ன் ஃபிஸ்ட், 26இல் முடிந்துவிடும்.

எந்தப் பதிப்பில் படிப்பது?

எபிக் கலெக்‌ஷன் முதல் தொகுதி போதும். மார்வெல் அன்லிமிடெட் சந்தா இருந்தால் டிஜிட்டலிலும் கிடைக்கும். ஒரே குறை நிறம். அந்தக் காலத்துச் செய்தித்தாள் காகிதத்தில் மை ஊறி, மஞ்சள் கொஞ்சம் பழுப்பாகத்தான் தெரியும். வழவழப்பான தாளிலும் திரையிலும் அதே நிறங்கள் பளீரென்று கண்ணைக் குத்துகின்றன, டேனியின் முகமூடி எலுமிச்சை நிறமாகிவிடுகிறது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்துப் படித்தால் பரவாயில்லை. 2004இல் வந்த எசென்ஷியல் தொகுதி முழுக்கக் கறுப்பு வெள்ளை, மலிவான தாள். கேன், பைர்ன் கோடுகளை ரசிக்க எனக்கு அதுதான் பிடித்தது.

எதையெல்லாம் தாண்டலாம்?

மார்வெல் பிரீமியர் 15 முதல் 18 வரை ஒரே மூச்சில் படியுங்கள். மிஸ்டிக்காக 21ஐப் புரட்டுங்கள். நேராக 25க்குப் போய், தனி இதழ் 1 முதல் 15 வரை, பிறகு டீம்-அப் 63, 64. அது பிடித்துப்போனால் 2007 ஜனவரி தேதியிட்டுத் தொடங்கிய 'இம்மார்ட்டல் அயர்ன் ஃபிஸ்ட்'. எட் புரூபேக்கர், மேட் ஃபிராக்‌ஷன் எழுத, டேவிட் ஆஹா வரைந்தது. டேனிக்கு முன்பும் பல அயர்ன் ஃபிஸ்ட்கள் இருந்தார்கள், குன்-லுனையும் சேர்த்து அப்படி ஏழு நகரங்கள் இருக்கின்றன என்று கதையை விரித்தார்கள். அதில் இளவரசர் ஒருவராக ஜான் அமான் வருகிறார், அவர் வேறு யாருமில்லை, எவரெட்டின் அமேசிங்-மேனேதான்.

பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் தாராளமாக. ஓநாய்க் காட்சி சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தும். ரத்தம் அதிகம் இல்லை, சாவு நிறைய உண்டு. வெளியூர்ப் பையன் எப்படி முதல் ஆளானான் என்று அவர்களே கேட்டால் தாவோஸ் வரும் இதழைக் காட்டுங்கள்.